“சிஸ்டம் எடுக்குதில்லை” என்பது ஒரு பதில் அல்ல

 

தீவக உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறுகிற நயினாதீவு ஆட்கள் இறங்குவதற்குள் பாதி வாசித்துவிடுவீர்கள். நெடுந்தீவு ஆட்களுக்கு முழுவதையும் வாசித்துவிட்டு எங்களோடு சண்டை பிடிக்கவும் நேரம் இருக்கும்.

அலுவலக யன்னலுக்கு முன்னால் நிற்கிற சனத்துக்கு இப்போது அடிக்கடி கிடைக்கிற பதில் “சிஸ்டம் எடுக்குதில்லை”. முந்தி “பெரியவர் லீவு, நாளைக்கு வாங்கோ” என்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தப் பெரியவர் நாளைக்கு வருவார், அவரோடு கதைக்கலாம், தேவையென்றால் கெஞ்சலாம், அதற்கும் சரிவராவிட்டால் அவருக்கு மேலே இருக்கிறவரிடம் போகலாம். சிஸ்டத்தோடு யார் கதைப்பது? பிறப்புப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, கடல் தண்ணி தெறிக்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த மூத்தம்மா, அந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டு அடுத்த லோஞ்சில் திரும்பிப் போகிறார்.

அவர் அடுத்து எங்களிடம்தான் வருவார். தீவுகளில் படிப்பிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. படிப்பிப்பது பாதி வேலை, போம் நிரப்புவது மீதி வேலை. அஸ்வெசும என்றாலும் பிள்ளையின் அடையாள அட்டை என்றாலும் காணி அலுவல் என்றாலும் “சேர், ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ” என்றுதான் வருவார்கள். அப்படி நிரப்பி நிரப்பி நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சிஸ்டம் எடுக்காமல் விடுவது கடல் கொந்தளிப்பது மாதிரி அல்ல. கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடாது, அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சிஸ்டம் எடுக்கவில்லை என்றால், யாரோ ஒருவர் ஒரு படிவத்தை மாற்றியிருக்கிறார், மாற்றும்போது பழைய கடதாசி என்னாகும் என்று யோசிக்கவில்லை, அந்த யோசிக்காத வேலையைத் தூக்கி மூத்தம்மாவின் தலையில் வைத்திருக்கிறார். இதை நாங்கள் ஆத்திரத்தில் சொல்லவில்லை. கணினித் துறையில் இது நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினை, அதற்குத் தீர்வும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கொம்பியூட்டர் இன்னொன்றுக்கு ஒருவரின் விபரத்தை அனுப்பும்போது, பல முறைகளில் “பெயர்”, “வயது”, “ஊர்” என்ற தலைப்புகள் கூடவே போவதில்லை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கட்டத்தின் இலக்கமும் அதற்குள் இருக்கும் விபரமும் மட்டும் போகும். 1 என்றால் பெயர், 2 என்றால் வயது என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஸ்கீமா. நாங்கள் “போமின் மாதிரி” என்று விளங்கிக்கொள்ளலாம்.

மாதிரி காலத்தோடு மாறத்தான் செய்யும். புதுக் கட்டம் வரும், பழையது போகும். பிரச்சினை என்னவென்றால் எல்லா இடமும் ஒரே நாளில் மாறாது. கொழும்பில் புது மாதிரி, கச்சேரியில் பழைய மாதிரி, எங்கள் பெட்டிக்குள் 1974ஆம் ஆண்டின் மாதிரி. ஆகவே புதிய மென்பொருள் பழைய விபரத்தை வாசிக்க வேண்டும், இன்னும் மாறாத பழைய மென்பொருளும் புதிய விபரத்தைக் கண்டு விழுந்து படுக்கக் கூடாது. இந்த இரண்டு பக்க இசைவையும் பார்ப்பது மாற்றுகிறவரின் வேலை. அந்தத் துறையில் இதில் இரண்டாம் கருத்து கிடையாது.

இதை ஒழுங்காகச் செய்த ஓர் உதாரணம் எங்கள் நாட்டிலேயே, எல்லாருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம்.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். பிறகு மூன்று எண் தொடரிலக்கம், கடைசி ஒன்று சரிபார்ப்பு எண், அதன் பின் வீ அல்லது எக்ஸ். 1965 மார்ச் 5இல் பிறந்த ஆணின் இலக்கம் 65065 என்று தொடங்கும், பெண்ணின் இலக்கம் 65565 என்று தொடங்கும். ஆண்டுக்கு இரண்டு எண் மட்டும் இருந்ததால் 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வரும்போது 1900உம் 2000உம் ஒன்றாகிவிடும். ஆகவே 2016 ஜனவரி 1 முதல் 12 எண் கொண்ட புதிய இலக்கம் வந்தது. ஆண்டுக்கு நான்கு எண், நாளுக்கு மூன்று, தொடரிலக்கத்துக்கு நான்கு, சரிபார்ப்புக்கு ஒன்று.

இதில் அழகு என்னவென்றால் பழைய இலக்கத்தைப் புதியதாக்க ஒருவரும் எங்கேயும் போகத் தேவையில்லை. முன்னால் 19 போட வேண்டும், நாள் எண்ணுக்குப் பிறகு ஒரு சைபர் போட வேண்டும், கடைசி எழுத்தை விட வேண்டும். 65065 என்று தொடங்கியது 19650650 என்று தொடங்கும். ஒரு பழைய இலக்கத்துக்கு ஒரே ஒரு புதிய இலக்கம்தான் வரும், இரண்டு பேருக்கு ஒன்று வராது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கொப்பியில் செய்து காட்டும். இதைத் தீர்மானித்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் பழைய அட்டைக்காரரை நினைத்துத் தீர்மானித்திருக்கிறார். பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டிவிடுவோம்.

இவ்வளவு சுலபமான விதி இருந்தும் ஓர் இணையப் படிவம் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் பழைய இலக்கத்தை “பிழையான இலக்கம்” என்று தள்ளியது. பன்னிரண்டு எண் மட்டும் எடுக்குமாம். அதற்கு முதல் வாரம் வேறொரு இடத்தில் ஒரு பிள்ளையின் புதிய இலக்கத்தைப் பழைய மென்பொருள் தள்ளியது, கடைசியில் எழுத்து இல்லையாம். இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது இரண்டு வரி நிரல். அந்த இரண்டு வரியை எழுதாதவரின் சோம்பலுக்கு எங்கள் சனம் பஸ் காசும் லோஞ்ச் நேரமும் கொடுத்தது.

அந்த இலக்கத்துக்குள் இன்னொரு வில்லங்கமும் உண்டு, ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் ஆண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஆகவே மார்ச் 5 எப்போதும் 65ஆவது நாள். ஆனால் 1965 லீப் ஆண்டு அல்ல, சாதாரண கலண்டரில் எண்ணினால் மார்ச் 5 என்பது 64ஆவது நாள். இது தெரியாத ஒருவர் மென்பொருள் எழுதினால் 65ஐப் பார்த்து மார்ச் 6 என்று கணக்குப் போடும். “நீங்கள் தந்த பிறந்த திகதி அடையாள அட்டையோடு பொருந்தவில்லை” என்று சிவப்பு எழுத்தில் வரும். லீப் அல்லாத ஆண்டில், பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் இது வரலாம். எத்தனை பேர் தங்கள் பிறப்புப் பத்திரத்தில்தான் பிழை என்று நினைத்திருப்பார்கள்? மாதிரியின் கட்டங்களை மட்டும் கொடுத்து, கட்டத்துக்குள் இருப்பதை எப்படி எண்ணினோம் என்று சொல்லாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதைவிடப் பெரிய உதாரணம் எங்கள் காணி உறுதிகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளப்போம். ஒரு பரப்புக்கு 18 குழி. உறுதியில் லாச்சம் என்றும் இருக்கும். ஆனால் வரகுப் பரப்பு வேறு, நெற்பரப்பு வேறு. வரகுக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெல்லுக் கணக்கில் 24 பரப்பு ஓர் ஏக்கர். வரகுப் பரப்பு ஒன்று 10 பேர்ச், நெற்பரப்பு ஒன்று ஏழு பேர்ச்சும் இல்லை. உறுதி எழுதிய நொத்தாரிசு இதைக் கவனமாகக் குறித்து வைத்திருப்பார். இனி ஒருவர் எக்செலில் “விஸ்தீரணம் (பரப்பு)” என்று ஒரு நிரலைப் போட்டு எண்ணை மட்டும் ஏற்றுகிறார் என்று வையுங்கள். எண்ணில் பிழை இல்லை. தட்டச்சிலும் பிழை இல்லை. ஆனால் 24 பரப்பு வயல் ஒன்று, வரகுக் கணக்கில் வாசிக்கிறவரின் கையில் ஒன்றரை ஏக்கராகிவிடும். பக்கத்துக் காணிக்காரரோடு வழக்குப் பேச வேறென்ன வேண்டும்? ஒரு தலைமுறைக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்க்கிறவருக்கு இரண்டு பரப்பு இருந்ததே தெரியாமல் இருக்கும், எது மூலம் என்று கண்டுபிடிக்கவும் வழியிராது. “சிஸ்டம் எடுக்குதில்லை” என்பதைவிட இது ஆபத்து. சிஸ்டம் எடுத்துக்கொண்டு பிழையாக வைத்திருக்கும்.

எங்கள் பாடசாலைகளுக்குள்ளும் இந்தக் கூத்து நடக்கிறது. பாமினியைத்தான் சொல்கிறோம். பழைய வினாத்தாள்கள், விழா மலர்கள், அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கைகள் எத்தனை பாமினியில் கிடக்கின்றன! பாமினியில் “அம்மா” என்று தட்டச்சிட்டால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது தமிழ் அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். பாமினி எழுத்துரு இருக்கிற கொம்பியூட்டரில் அது அம்மா. இல்லாத போனில் அது ஒன்றுமே இல்லை. எந்த எழுத்துருவால் வாசிக்க வேண்டும் என்ற உடன்பாடு கோப்புக்கு வெளியே கிடந்தது, அது தொலைந்தால் எழுத்தும் தொலைந்தது. யூனிகோடு இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. தமிழ் 1991இலேயே அதில் இடம்பெற்றது. ஓர் எழுத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்துவிட்டால் அதை இனி மாற்றமாட்டோம், எடுத்து வேறு எழுத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். 2005இல் ஶ என்ற எழுத்தைச் சேர்த்தபோது அ முதல் ஹ வரை ஏற்கெனவே இருந்த ஒன்றும் அசையவில்லை. யூனிகோடை எழுதி வைக்கும் யூடிஎப்-8 முறையை 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்தபோது, அதற்கு முந்திய ஆஸ்கி முறையிலான ஆங்கிலக் கோப்புகள் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே புது முறையிலும் செல்லும்படி வகுத்தார்கள். ஆங்கிலக்காரருக்கு மாற்றம் வந்ததே தெரியவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு பாலம் கட்டித் தர ஆளில்லாததால் எங்கள் பிள்ளைகள் பாமினியை யூனிகோடாக மாற்றும் இணையத்தளங்களில் பந்தி பந்தியாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கூகுள் நிறுவனம் தன் உள்வேலைக்குச் செய்து 2008இல் வெளியே கொடுத்த புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற முறையில் சில விதிகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது எங்கள் சேர்வு இடாப்பிலேயே இருக்கிறது. ஒரு பிள்ளை விடுகைப் பத்திரம் எடுத்துப் போனால் அந்தப் பிள்ளையின் சேர்விலக்கத்தை நாங்கள் வேறு பிள்ளைக்குக் கொடுப்போமா? கொடுக்கமாட்டோம், அந்த வரி அப்படியே இருக்கும். அங்கேயும் நீக்கிய கட்டத்தின் இலக்கத்தை மீண்டும் பாவிக்கக் கூடாது, ஒதுக்கி வைக்க வேண்டும். பாவித்தால் பழைய பதிவில் இருக்கும் தொலைபேசி இலக்கத்தைப் புது மென்பொருள் வருமானம் என்று வாசிக்கும்.

இன்னொன்று, சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்று போடுவார்களே, அது. புரோட்டோகால் பஃபர்ஸின் பழைய பதிப்பில் ஒரு கட்டத்தைக் கட்டாயம் என்று அறிவிக்க வழி இருந்தது. ஒருமுறை கட்டாயம் என்று சொல்லிவிட்டால் பிறகு அதை எடுக்கவே முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அந்தக் கட்டம் இல்லாமல் வரும் பதிவு முழுவதையும் பழைய மென்பொருள்கள் தூக்கி எறியும் என்று அதைச் செய்தவர்களே எச்சரித்தார்கள். 2016இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய கொம்பியூட்டர் கொம்பனி ஒன்று “கட்டாயம்” என்ற சொல்லுக்குப் பயப்படுகிறது. எங்கள் படிவங்களில் நட்சத்திரம் வானத்தில் இருப்பதைவிட அதிகம்.

“குடும்பப் பெயர்” என்ற கட்டத்தை எடுங்கள். நட்சத்திரம் போட்டிருக்கும். தமிழருக்கும் எங்களுக்கும் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் வாப்பாவின் பெயரைப் போடும், அதன் தம்பி தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுவான், தங்கச்சிக்கு ரீச்சர் ஒரு புள்ளி வைத்துவிடுவார். மூன்று பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எந்த மென்பொருள் கண்டுபிடிக்கும்? இனம் என்ற பட்டியலும் இப்படித்தான். தமிழர், சிங்களவர், மற்றவை என்று மூன்றை மட்டும் வைத்து ஒரு படிவம் எங்கள் கைக்கு வந்தது. குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் என்று எங்களை எண்ணுகிறார்கள், அந்தப் படிவத்தில் நாங்கள் மற்றவை. பட்டியல் இடுகிறவர், பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் என்ன செய்வது என்று முதலே யோசித்து வைப்பதும் அந்தத் துறையின் பாலபாடம்.

ஆனால் எங்களை உண்மையில் சுடுவது முகவரிக் கட்டம்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். பெரும்பகுதி சனம் புத்தளத்துக்குப் போனது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்துத் தமிழ்ச் சனமும் ஊரை விட்டுக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் போனது. யார் கூட அழுதது என்று கணக்குப் பார்க்க நாங்கள் இதை எழுதவில்லை. இரண்டு சனத்துக்கும் ஒரு பொதுவான விஷயம் மிஞ்சியது, இரண்டு முகவரி. இருந்த ஊர் ஒன்று, இருக்கிற ஊர் ஒன்று. படிவத்தில் ஒரே ஒரு முகவரிக் கட்டம். இருக்கிற ஊரைப் போட்டால் “அப்ப உங்களுக்கு இங்க காணி எப்படி?” இருந்த ஊரைப் போட்டால் “நீங்கள் அங்கதானே இருக்கிறீங்கள், இங்க ஏன் நிவாரணம்?”

மேலே சொன்ன முறையில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒற்றைக் கட்டத்தைப் பல விபரம் வைக்கும் கட்டமாக மாற்றலாம், பழையதும் உடையாது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்னும் பழைய மாதிரியையே வைத்திருக்கிற மென்பொருள், இரண்டு முகவரி வந்தால் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். முந்தியது அதன் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் இதை முதலில் வாசித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாக எங்கள் சனத்துக்கு அலுவலகங்கள் செய்தது இதையேதான். கடைசியாக வந்தது புத்தளம், ஆகவே நீங்கள் புத்தளம்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் சிரித்தே ஆக வேண்டும். ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்வ்ட், வேலணைத்தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடல்பேர்க், காரைதீவு அம்ஸ்டர்டாம். மிச்சமெல்லாம் உதிர்ந்து டெல்வ்ட் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்தது. ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிட்ஸ், நயினாதீவு சிங்களத்தில் நாகதீபம். ஒரு பிள்ளையின் ஒரு பத்திரத்தில் ஊர்காவற்றுறை, மற்றதில் கயிட்ஸ் என்று இருந்ததற்கு, இரண்டும் ஒரே இடம் என்று விதானையாரிடம் கடிதம் கேட்ட கதை எங்களிடம் இருக்கிறது. 2009இல் வெளிவந்த அவ்ரோ என்ற முறையில் ஒரு கட்டத்தின் பெயர் மாறினால் பழைய பெயரை மாற்றுப்பெயராகக் குறித்து வைக்கலாம், வாசிக்கிற மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அதே முறையில் எந்த மாதிரியில் எழுதப்பட்டது என்ற விபரமும் கோப்போடு கூடவே போகும். விதானையாரின் கடிதத்தை ஒருமுறை சிஸ்டத்துக்கே கொடுத்துவிட்டால் சனம் திரும்பத் திரும்பக் காவத் தேவையில்லை.

இனி மற்றப் பக்கத்து வாதத்தையும் பார்ப்போம். அலுவலகங்களில் இருக்கிற எங்கள் சொந்தக்காரரே சொல்வது: “பழைய குப்பையை எல்லாம் காவிக்கொண்டு போனால் எப்ப முன்னேறுவது? ஒரேயடியாக எல்லாரும் புதுசாகப் பதிந்தால் சுத்தமாக இருக்கும்.” இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய பதிவுகளில் பிழைகள் உண்டு, காலம் முழுக்கப் பத்து மாதிரியை வாசித்துக்கொண்டிருக்கும் மென்பொருள் பாரமாகும், அதைப் பராமரிக்கிற பிள்ளைகளுக்கும் தலையிடி. ஒரே நாளில் மாறுவது முடியாத காரியமும் அல்ல. 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் முழு நாடும் ஒரே விடியலில் இடப்பக்கம் ஓடியதை விட்டு வலப்பக்கம் ஓடத் தொடங்கியது.

ஆனால் அங்கே றோட்டையும் அடையாளப் பலகைகளையும் அரசாங்கம் மாற்றியது. சனத்தைப் பார்த்து “நேற்று நீ இடப்பக்கம் ஓடியதற்குச் சாட்சி கொண்டுவா” என்று கேட்கவில்லை. இங்கே ஒரேயடியாகப் புதுசாகப் பதிவது என்றால் சனம் மூலப் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டும். எந்தப் பத்திரம்? பதிவேடுகள் எரிந்த ஊர்கள் இருக்கின்றன. சேர்வு இடாப்பே இல்லாமல் போன பாடசாலைகள் இருக்கின்றன. உடுத்த உடுப்போடு போனவர்கள் இருக்கிறார்கள். மாத்தறையில் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவருக்கு மறுபதிவு ஒரு முற்பகல் வேலை. எங்கள் சனத்துக்கு அது தான் யாரென்று மறுபடியும் முதலிலிருந்து நிரூபிக்கிற வேலை. பழைய பதிவில் பிழை இருந்தால் திருத்துவோம், அதற்கு முதலில் அந்தப் பழைய பதிவை வாசிக்கத் தெரிய வேண்டும்.

“தேவையில்லாததை விட்டுவிடலாம்” என்பவர்களுக்கும் ஒரு சங்கதி. கூகுள் முறையின் மூன்றாம் பதிப்பு முதலில் வந்தபோது, தனக்கு விளங்காத கட்டம் ஒன்று பதிவில் இருந்தால் மென்பொருள் அதைக் கழித்துவிடும்படி செய்திருந்தார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்ற அதே எண்ணம். நடந்தது என்னவென்றால், பழைய மென்பொருள் ஒன்று இடையில் நின்று பதிவை வாங்கித் திருப்பி எழுதும்போது, புதிதாகச் சேர்த்த விபரங்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின. 2017இல் அந்த முடிவை மாற்றி, விளங்காததையும் அப்படியே பத்திரமாகக் கடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். பழைய பிறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் பதிவாளர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பை, “இதுக்குக் கட்டம் இல்லை” என்று விட்டுவிட்டுத் தட்டச்சிடுகிற தம்பி, தங்கச்சிமாருக்கு இதை யாராவது சொல்லிக் கொடுங்கள். அந்த ஓரக் குறிப்பில்தான் பெயர் திருத்தம் இருக்கும். தகப்பனின் பெயர் பிறகு சேர்த்தது இருக்கும். உங்களுக்கு விளங்காவிட்டாலும் “குறிப்பு” என்று ஒரு கட்டம் போட்டு அப்படியே ஏற்றுங்கள்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் டிஜிட்டல் அடையாள அட்டை. இதற்கு இந்தியா நிதியுதவி தருவதாக 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. பெங்களூரில் உருவான மொசிப் என்ற திறந்த மூல மென்பொருளை அடித்தளமாகக் கொண்டுதான் வேலை நடக்கிறது. முகம், கைரேகை, கண் எல்லாம் எடுப்பார்கள். அந்தரங்கம் பற்றி, இந்தியா பற்றி எல்லாரும் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், அதுவும் தேவை. ஆனால் எங்கள் தீவுகளிலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சின்னவை, இன்னும் அவசரமானவை. பழைய பத்து எழுத்து இலக்கத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் எடுப்பீர்களா? முகவரி ஒன்றா இரண்டா? குடும்பப் பெயருக்கு நட்சத்திரம் உண்டா? ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தால், அது இல்லாத பழைய பதிவுகளுக்கு என்ன போடுவீர்கள்? ஊர்ப் பெயர் மூன்று மொழியிலும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கிறதா? புது முறையைச் சோதிக்கும்போது கொழும்புப் பிள்ளையின் பளபளப்பான பத்திரத்தோடு சோதித்தீர்களா, அல்லது நெடுந்தீவில் 1950களில் பிறந்த ஒருவரின் ஓரம் கிழிந்த பத்திரத்தோடும் சோதித்தீர்களா?

இவற்றை இப்போதே கேட்க வேண்டும். மாதிரி அச்சாகிய பிறகு கேட்டால் “மேலிடத்து முடிவு” என்பார்கள்.

யன்னலில் இருக்கிற உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்காதீர்கள். அந்தப் பிள்ளை அந்த மென்பொருளை எழுதவில்லை, பல வேளைகளில் உங்களைவிட அதிகம் அதனால் அவதிப்படுகிறது. ஆனால் வாய்ப் பதிலோடு திரும்பியும் வராதீர்கள். எந்தக் கட்டம் எடுக்கவில்லை, திரையில் என்ன எழுதி வந்தது என்று கேட்டுக் கடதாசியில் எழுதுங்கள், திகதி போடுங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம்: என் பத்திரம் எந்த விதியின் கீழ் நிராகரிக்கப்பட்டது, அந்த விதியை யார் எப்போது போட்டார், பழைய பத்திரம் வைத்திருப்பவருக்கு என்ன மாற்று ஏற்பாடு. தருகிறோமா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள். பத்திரத்தின் போட்டோகொப்பி போதும், மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.